படகுத்துறைக்குப் பெயின்ட் அப்புறம் அடிக்கலாம்

ஏரி நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

போன கூட்டத்தில் படகுத்துறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று ஒரு மணி நேரம் பேசினோம். கரையின் அடிவாரத்தில் ஊறும் ஈரத்தைப் பற்றி நான் பேச்செடுத்ததும் "அது எப்பவும் அப்படித்தான்" என்று முடித்துவிட்டீர்கள். எப்பவும் அப்படி இல்லை. முன்பு தெளிந்து கசிந்தது, இந்த மழைக்குப் பிறகு கலங்கி வருகிறது. மண் அணை என்றால் கொஞ்சம் கசியும்தான், தெளிந்த நீராக இருக்கும்வரை அளவைக் குறித்துவைத்துக் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் தண்ணீர் கரைக்குள் இருக்கிற மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், அந்த அரிப்பு ஒரு பொந்தாகி உள்நோக்கி வளர்ந்து ஏரியை எட்டிவிட்டால் சில மணி நேரத்தில் கரையே போய்விடும்.

சின்ன ஏரிதானே என்கிறீர்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் கெல்லி பார்ன்ஸ் அணையும் சின்னதுதான், 40 அடிக்கும் குறைவான உயரம். மின் உற்பத்தி 1957இல் நின்றபின் நம்முடையதைப் போலவே பொழுதுபோக்கு ஏரியாக இருந்தது. 1977 நவம்பரில், நல்ல மழைக்குப் பிறகு, ஊர் தூங்கும் நேரத்தில் உடைந்தது. 39 பேர் இறந்தார்கள்.

இங்கிலாந்தின் டாட்புரூக் நீர்த்தேக்கத்தில் 2019இல் கலிங்கின் (உபரி நீர் வழிந்தோடும் பாதையின்) கான்கிரீட் பெயர்ந்தபோது கீழே இருந்த சுமார் 1,500 பேரை வெளியேற்றிவிட்டு, பம்பு வைத்து நீரை இறைத்தார்கள். அணை தப்பியது. நானும் அதைத்தான் கேட்கிறேன், நீர்மட்டத்தைக் குறையுங்கள். அதற்காக மதகை ஒரேயடியாகத் திறந்துவிடாதீர்கள். பல வருஷமாக யாரும் திருகாத வால்வு, திறந்தால் மூடுமா என்றே தெரியாது, கரைக்குள் போகும் இரும்புக் குழாயும் துருப்பிடித்திருக்கும். அதோடு நீர் சட்டென்று இறங்கினால் ஈரத்தில் ஊறிய உள்சரிவு சரியலாம். அணை தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் சொல்லும் வேகத்தில் இறக்குவோம். கரைமேல் வளர்ந்திருக்கும் மரங்களையும் அவரே பார்த்துச் சொல்லட்டும் (பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை உள்ளே மக்க விட்டால் அதுவே தண்ணீருக்கு வழியாகும், ஆகவே அவசரப்பட்டு ரம்பம் எடுக்க வேண்டாம்). கரைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு இன்றே தகவல் சொல்லுங்கள், பொறியாளர் வரும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வருஷம் படகு விட முடியாது, சேறு நாறும், சரி.

நாளைக் காலை ஆறு மணிக்குக் கரையடியில் ஒரு கண்ணாடி டம்ளரோடு நிற்பேன். அந்த நீரைப் பிடித்து பத்து நிமிஷம் வைத்துவிட்டு, அடியில் என்ன படிகிறது என்று நீங்களே வந்து பாருங்கள்.