கலி 3808-க்குப் போகிறவனுக்குச் சில குறிப்புகள்

அன்புள்ள தம்பிக்கு,

நாவலின் ஆறு அத்தியாயங்களையும் படித்தேன். உன் கதாநாயகன் காரைக்குடி வீட்டின் இரண்டாங்கட்டுக் கதவைத் திறந்து, நேரே கலியுக ஆண்டு 3808-இல் போய் இறங்குகிறான். முதல் சிக்கலே அந்தக் கதவுதான். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பெரும்பாலும் 1850-க்கும் 1940-க்கும் இடையில் எழும்பியவை; தேக்கு பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது. வாசல் என்று வைத்தால் அது இரண்டு காலத்திலும் நிற்கவேண்டும். பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயிலை எடுத்துக்கொள். பாறையோடு பாறையாகச் செதுக்கிய பிள்ளையார், இரண்டே கை, வலம்புரித் துதிக்கை. அங்கே தூணில் இருக்கிற கல்வெட்டு, பழைய தமிழி (தமிழ் பிராமி) வட்டெழுத்தாக மாறிவந்த கட்டத்து எழுத்து. கோபுரமும் முன் மண்டபங்களும் பிறகு வந்தவை. வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் அவனுக்கு வெறும் குன்றுதான் தெரியவேண்டும்.

அடுத்தது ஆண்டு. கலியில் 3101-ஐக் கழித்தால் கி.பி. 707. சோழ ராஜாவின் கொடுமையால் பூம்புகாரில் பெரியவர்கள் உயிரை விட்டார்கள், குருவிடம் இருந்த 1502 ஆண்பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள், பிறகு அந்த ஆண்டில் சௌந்தர (சுந்தர) பாண்டியன் அவர்களைப் பாண்டி நாட்டுக்கு அழைத்துவந்து குடியமர்த்தினான் என்று செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் மரபுக் கதை சொல்கிறது. ஆனால் 707-இல் காவிரிக்கரை பல்லவர் கையில். பிற்காலச் சோழர்களில் முதல்வனான விஜயாலயன் தஞ்சையைப் பிடிக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டு கிடக்கிறது. சுந்தர பாண்டியன் என்ற பெயர் ஓங்கியதோ 1216-இல் பட்டமேறிய மாறவர்மனுக்கும் அவனுக்குப் பின் வந்தவர்களுக்கும். பேர்பெற்ற ராஜாவின் பேர் பழைய கதையில் போய் ஒட்டிக்கொள்வது மரபுக் கதைகளில் வழக்கம். நீ இந்த முரணை மூடி மறைக்க 707-இல் ஒரு சோழச் சக்கரவர்த்தியையே உட்கார வைத்திருக்கிறாய். வேண்டாம் தம்பி. அந்த முரண்தான் உன் நாவலுக்கு மூலதனம். கதாநாயகன் கேட்டு வளர்ந்த ராஜா அங்கே இல்லை என்று அவன் திகைக்கட்டும்.

பூம்புகாரைக் கடல் கொண்டது வேறு கதை. இந்திர விழாவை மறந்ததால் வந்த சாபம் என்று மணிமேகலை சொல்கிறது. ஊரைவிட்டுக் கிளம்ப நகரத்தார் கதை சொல்லும் காரணம் ராஜாவின் கொடுமை. இன்றைக்கு இரண்டும் கலந்து, "கடலுக்குப் பயந்துதான் வீட்டை இவ்வளவு உசத்திக் கட்டினார்கள்" என்று முகப்பில் நின்று சொல்கிறார்கள். இந்தக் கலவையை யாரோ ஒருவர் தொடங்கியிருக்கவேண்டும். அது உன் கதாநாயகனாக இருக்கட்டும். புறப்பட்டவர்களிடம் அவன் வாய் தவறிக் கடலைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிடுகிறான். அது வழிவழியாக இறங்குகிறது.

அப்படியானால் அவன் திரும்பி வரும்போது தெருவோ வீடோ மாறவேண்டியதில்லை. ஆயா (பாட்டி) சொல்லும் கதை மாறினால் போதும். இரண்டாம் அத்தியாயத்தில் அவர் வளவில் (உள் முற்றத்தில்) உட்கார்ந்து சொல்வதைக் கடைசி அத்தியாயத்தில் வரிக்கு வரி திரும்பச் சொல்லவை. இரண்டு இடத்தில் மட்டும் மாற்று. ஒரே இடம் என்றால் அச்சுப்பிழை என்று தாண்டிவிடுவார்கள். பத்து இடம் என்றால் வேறு கதையாகிவிடும். காரணத்தை மாற்று, ராஜாவை மாற்று, 1502-ஐத் தொடாதே. காரணம் வாய்க்கு வாய் மாறும். இப்படி முழு நூறில் நிற்காத எண்ணிக்கையைச் சொல்கிறவர்கள் விடமாட்டார்கள். மாறியதை வாசகர் முதலில் கண்டுபிடிக்கட்டும், கதாநாயகன் பிறகு.

சின்னச் சின்னத் திருத்தங்கள்: பாண்டி நாட்டில் அப்போது வட்டெழுத்து, அவனால் ஒரு வரிகூடப் படிக்கமுடியாது. மணி கேட்டால் நாழிகையில் பதில் வரும், ஒரு நாழிகை 24 நிமிடம், ஏழரை நாழிகை ஒரு யாமம். ஆறாம் அத்தியாயக் கோழிக் குழம்பில் மிளகாயும் தக்காளியும் போட்டிருக்கிறாய். இரண்டும் போர்ச்சுகீசியர் வந்தபிறகு நம் கரைக்கு வந்தவை. மிளகும் சீரகமும் புளியும் போட்டு அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்