பார்ட் ஏ எழுதப் போகிற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

வார்டில் நிற்கும்போது படிக்கவில்லையே என்று இருக்கிறது, புத்தகத்தைத் திறந்தால் பேஷண்ட் ஞாபகம் வருகிறது என்று போனில் சொன்னாய். ஜனவரித் தேர்வைத் தள்ளிப் போடலாமா என்றும் கேட்டாய்.

தள்ளிப் போடாதே கண்ணு. ஆனால் படிக்கிற விதத்தை மாற்று.

பிரிட்டனில் சர்ஜன் ஆகப் படிப்பவர்கள் எழுதும் எம்.ஆர்.சி.எஸ். தேர்வில் பார்ட் ஏ ஒரே நாளில் இரண்டு தாள். மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி, அப்புறம் இரண்டு மணி நேரத்தில் 120. முதல் தாளில் அனாடமி, பிசியாலஜி, பேத்தாலஜி. இரண்டாவது பெரும்பாலும் நீ தினமும் பார்க்கிற வேலைதான். அப்படியிருக்க, வேலை ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று ஏன் பிரித்து வைத்துக்கொண்டு தவிக்கிறாய்?

மதுரை பெரியாஸ்பத்திரி தியேட்டரில் நான் ஸ்கிரப் நர்ஸாக நின்ற காலத்தில் எத்தனையோ பி.ஜி. டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். நன்றாக வந்தவர்கள் எல்லோரும் முந்தின நாளே மறுநாள் ஆபரேஷன் லிஸ்ட்டைப் பார்த்து, அந்த கேஸுக்கான அனாடமியை மட்டும் புரட்டிவிட்டு வருவார்கள். பித்தப்பை ஆபரேஷன் என்றால் காலோட் முக்கோணம், அதாவது பித்தப்பைக் குழாய்க்கும் ஈரலுக்கும் நடுவில் இருக்கிற இடம். பித்தப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் சிஸ்டிக் ஆர்ட்டரி எங்கிருந்து வருகிறது, எப்படியெல்லாம் இடம் மாறும் என்று படித்துவிட்டு நேரில் பார்க்கும்போது, அது அப்படியே மனதில் தங்கிவிடும். நீயும் அதைச் செய்.

ஹெர்னியா பேஷண்ட் அட்மிட் ஆனால் கையை வைத்தே படி. தொடை இடுக்கில் ஓடும் இங்குவைனல் லிகமென்ட்டின் நடுப்புள்ளிக்குச் சற்று மேலே டீப் ரிங், குடலிறக்கம் நுழைகிற உள் வாசல். இடுப்பெலும்பின் முன் முனையான ஏ.எஸ்.ஐ.எஸ்.ஸுக்கும், இரண்டு பக்க எலும்பும் முன்னால் சேரும் பியூபிக் சிம்பைசிஸுக்கும் நடுவில், காலுக்குப் போகும் ஃபெமரல் ஆர்ட்டரி துடிக்கும். இந்த இரண்டு புள்ளிகளையும் குழப்பிக்கொள்ளாத மாணவரை நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டால் மறக்காது.

ராத்திரி இரண்டு மணிக்கு நர்ஸ் கூப்பிட்டு, ஆபரேஷன் ஆனவருக்கு யூரின் குறைகிறது என்றால் அதுவும் பாடம்தான். கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லி என்ற கணக்கில் 70 கிலோ ஆளுக்கு 35 மில்லியாவது வர வேண்டும். ஏன் வரவில்லை? ரத்தம் கசிகிறதா, தொற்று முற்றிய செப்சிஸா, கத்தீட்டர் அடைத்திருக்கிறதா? முதலில் அவரைக் கவனி. விடிந்த பிறகு, உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிற ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் அந்த உடம்பில் என்ன செய்துகொண்டிருந்தன என்று ஒரு பக்கம் படித்தால் போதும்.

அதையும் தூங்கி எழுந்த பிறகுதான். நைட் இருக்கும் வாரத்தில் கொஸ்டின் பேங்க்கைத் தொடவே தொடாதே. தூக்கக் கலக்கத்தில் நூறு கேள்வி போட்டு, பாதி தப்பாகி, நமக்கு இது வராது என்று அழுவதில் என்ன இருக்கிறது? லீவு நாளில் தெளிவாக உட்கார்ந்து போடு. தப்பான கேள்விகளை மட்டும் தனி நோட்டில் எழுதி வை, கடைசி வாரத்தில் அது போதும்.

உன் கன்சல்டன்ட்டிடம் தேர்வு எழுதுவதாகச் சொல்லிவிட்டாயா? சொல்லு. கூச்சப்படாதே. சொன்னால்தான் தியேட்டரில் உன்னைக் கேள்வி கேட்பார்கள், நின்று கற்றுக்கொடுப்பார்கள். பெரிய டாக்டர்களுக்குப் படிக்கிற பிள்ளைகள் என்றால் தனிப் பிரியம் உண்டு, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செய்முறைத் தேர்வான பார்ட் பி பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். பேஷண்ட்டிடம் பொறுமையாகப் பேசும் உன் குணம் அங்கே கைகொடுக்கும் என்று நான் நம்புகிறேன்.

கட்டணத்தை நினைத்துக் கவலைப்படாதே என்று அப்பா சொல்லச் சொன்னார். லீவுக்கு ஆறு வாரம் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்றாயே, தேர்வு நாளும் அதற்கு முந்தின மூன்று நாளும் நைட் வராதபடி ட்யூட்டி ரோட்டா போடுகிறவருக்கு நாளைக்கே மெயில் அனுப்பு. அனுப்பியதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு.

அன்புடன்,
அம்மா