என்னை ஓட வைத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

இந்த சீசனோடு தொழில்முறை கால்பந்திலிருந்து விலகிக்கொள்கிறேன். கிளப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. நான் பெரிய பெயர் வாங்கிய ஆட்டக்காரன் இல்லை. சென்னை சீனியர் டிவிஷன், ஐ-லீக் இரண்டாம் டிவிஷன், இடையிடையே கேரளாவில் மலப்புரம் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) என்று ஓடிய ஒரு மிட்ஃபீல்டர். டிவியில் என்னைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனாலும் பந்து ஆடிச் சம்பளம் வாங்கி ஒரு குடும்பத்தை நடத்த முடிந்தது. செல்லூரில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பையனுக்கு இது தானாக நடந்துவிடாது. யார் யாரால் நடந்தது என்று எழுதி வைக்க ஆசை. பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டதால், அவரவரே தங்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

முதலில் பி.டி. சார். பந்து காலுக்கு வருவதற்குள் இரண்டு தோளுக்குப் பின்னாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட வேண்டும் என்பது உங்கள் பாடம். எனக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவீர்கள். பந்தை நிறுத்துவதற்குள் எத்தனை விரல் என்று நான் சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னால் மைதானத்தை ஒரு சுற்று. "பந்துக்குத் தள்ளி இருக்கிற தூரத்துக் கால்ல வாங்குடா, அப்பத்தான் உடம்பு முன்னாடி திரும்பும்" என்று நீங்கள் கத்தியது இன்றும் காதில் இருக்கிறது. பிறகு கேம்ப்களில் வீடியோ போட்டுக் காட்டி, ஸ்கேனிங் என்று பெயர் சொல்லி இதையே கற்றுக் கொடுத்தார்கள். கூட இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது எட்டாம் வகுப்பிலேயே முடிந்த பாடம்.

அரசரடி ரயில்வே மைதானத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த அண்ணனுக்கு கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாது, கிரிக்கெட் மட்டும்தான். ஆனால் எங்கள் பந்து மூட்டை அவர் கடையில்தான் கிடக்கும். காற்றடிக்கிற பம்ப் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். டீக்கும் பன்னுக்கும் நோட்டில் எழுதிக்கொள்வார். மாதக் கடைசியில் நோட்டைத் திறக்க மாட்டார்.

எங்கள் பெரியம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஒவ்வொரு விசேஷத்திலும் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி, "எத்தனை கோல் போட்ட?" நான் ஆடிய இடம் டிஃபென்ஸுக்கு முன்னால். எதிரணி பாஸை வெட்டி, பந்தை நம் ஆளிடம் சேர்ப்பது வேலை. ஒரு மேட்சில் பத்து பதினோரு கிலோமீட்டர் ஓடியிருப்பேன். ஸ்கோர் போர்டில் பெயர் இருக்காது. இதை விளக்கி விளக்கிச் சலித்துப்போயிருந்த சமயத்தில் பெரியம்மா ரேஸ் கோர்ஸ் ஸ்டேடியத்தில் ஒரு மேட்ச் பார்த்தார். அப்புறம் யார் கேட்டாலும் பதில் அவரிடமிருந்தே வந்தது: "இவன் புடுங்கிக் குடுக்கலேன்னா அவங்களுக்கு ஏதுடா கோலு?" எந்தக் கமெண்டேட்டரும் என் வேலையை இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

இனி முழங்கால் விஷயம். ஒரு மேட்சில் திரும்பும்போது ஸ்டட்ஸ் (அடியில் முளைகள் உள்ள கால்பந்து ஷூ) தரையில் மாட்டிக்கொண்டது. யாரும் என்னை இடிக்கவில்லை. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எண்ணெய்க் கட்டு போட்டால் போதும் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். கால் வீங்குகிற வேகத்தைப் பார்த்த எதிரணி கோல்கீப்பர்தான், "எம்.ஆர்.ஐ. எடுக்காம யாரையும் காலைத் தொட விடாதே" என்றார். அவர் சொன்னது சரி, முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்து நிறுத்துகிற ஏ.சி.எல். ஜவ்வு முழுசாகக் கிழிந்திருந்தது. தொடைக்குப் பின்னால் இருந்து தசைநார் எடுத்து உள்ளே பொருத்தினார்கள். அந்தச் செலவில் பெரும்பங்கு எங்கள் தெருவில் தறி ஓட்டுகிறவர்கள் வாரக் கூலியிலிருந்து கொடுத்தது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அப்பா கடைசி வரை என்னிடம் சொல்லவில்லை.

பிசியோதெரபி அக்கா, உங்களிடம் நான் போட்ட சண்டைக்கு அளவே இல்லை. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, "மடக்குறது மெதுவா வரும், முதல்ல காலை முழுசா நீட்டு" என்று வாரக்கணக்கில் உட்கார வைத்தீர்கள். ஆறாவது மாதம் வலியே இல்லை. ஆடப் போகிறேன் என்றேன். வலி போனதால் உள்ளே வைத்த நார் உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, 9 மாதத்துக்கு முன்னால் இறங்கினால் மறுபடி கிழிகிற ஆபத்து அதிகம் என்று மறுத்துவிட்டீர்கள். அதற்கப்புறமும் சும்மா விடவில்லை. அடிபட்ட காலால் தாண்டும் தூரம் நல்ல காலில் தாண்டுவதில் 90 சதவீதமாவது வர வேண்டும் என்று டேப் வைத்து அளந்தீர்கள். அந்தக் காலோடுதான் பிறகு பல சீசன் ஆடினேன்.

ஒரு கிளப்பில் சம்பளம் நின்றுபோனது. பெயர் இங்கே வேண்டாம். அப்போது ரூம்மேட்டாக இருந்த திருமங்கலத்து அண்ணன்தான் காண்ட்ராக்ட் நகலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால் எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வெளியேறலாம் என்று ஃபிஃபா விதியில் 2018 முதல் இருப்பதைக் காட்டினார். சின்னப் பசங்க வாயால் பேசி முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு ஆறு மாதம் அலைகிறார்கள். தம்பிகளா, காகிதம் கைக்கு வராமல் பெட்டியைக் கட்டாதீர்கள்.

எங்கள் மதுரையின் கால்பந்து கிளப்பான சேது எஃப்.சி. பெண்களுக்கும் நன்றி. 2018-19 சீசனில் கோவையில் ஆடிய சென்னை சிட்டி ஆண்கள் அணி ஐ-லீக்கை வென்றது. அதே சீசனின் இந்திய மகளிர் லீக் கோப்பையை லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று மதுரைக்குக் கொண்டு வந்தார்கள் இவர்கள். "மதுரையில ஃபுட்பாலா?" என்ற நக்கல் அதற்கப்புறம்தான் எங்கள் பக்கம் கொஞ்சம் அடங்கியது. ஊரில் அவர்களுக்கு இன்னும் பெரிய வரவேற்பு கொடுத்திருக்கலாம் என்பது என் குறை.

வீட்டுக்காரிக்கு இங்கே எழுத மாட்டேன். நேரில் சொல்லியாயிற்று.

அடுத்து டி லைசென்ஸ் கோச்சிங் கோர்ஸுக்கு விண்ணப்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அரசரடியில் இருப்பேன். விரும்புகிற பசங்க வரலாம், காசு வேண்டாம். என் பழைய ஸ்டட்ஸில் இரண்டு ஜோடி நன்றாக இருக்கிறது, சைஸ் எட்டு. கால் பொருந்துகிறவன் எடுத்துக்கொள்ளட்டும். டீக்கடை அண்ணே, அந்த நோட்டையும் எடுத்து வையுங்க, கணக்கை முடித்துவிடுவோம்.

நன்றியுடன்,
உங்கள் எட்டாம் நம்பர்,
செல்லூர், மதுரை