ஐசியூ நைட் டியூட்டி சிஸ்டருக்கும் மத்த எல்லாருக்கும்

அம்மாவ வார்டுக்கு மாத்திட்டாங்க. பிரஷர ஏத்திப் பிடிக்கிற நார்அட்ரினலின் மருந்த நேத்தே நிறுத்தியாச்சு, அது இல்லாமலே பிரஷர் நிக்குது. என்ன நடந்துச்சுன்னு உங்கள்ல முக்காவாசி பேருக்குத் தெரியும், மறுபடி அதச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல, விட்டுடுங்க.

நான் எழுத வந்தது அந்த நைட் டியூட்டி சிஸ்டரப் பத்தி. பேரு போடாதீங்கன்னு சொல்லிட்டாங்க, போடல. செப்டிக் ஷாக், அதாவது கிருமித் தொற்று முத்திப்போய் பிரஷர் விழுந்துடுச்சுன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து நான் மானிட்டரையே முறைச்சுட்டு உக்காந்திருந்தேன், சராசரி பிரஷர் 65க்கு மேல இருக்கணுமாம், அது 58, 61, 57ன்னு ஆடுறப்பல்லாம் வயித்தக் கலக்கும். சிஸ்டர் வந்து, ஸ்கிரீன விடுங்க, அம்மா கையப் பிடிங்கன்னாங்க. விரல் நுனிய நல்லா அமுக்கிப் பிடிச்சு விடணும், வெளுத்த எடம் திரும்ப செவக்க எவ்ளோ நேரம் ஆகுதுன்னு எண்ணணும், மூணு செகண்டுக்குள்ள வந்துட்டா ரத்தம் அதுவரைக்கும் நல்லா போகுதுன்னு அர்த்தம். நான் எண்ணினப்ப ஆறு. மொதல்ல அனலா கொதிச்ச கை ஏன் சிஸ்டர் இப்டி சில்லுன்னு கெடக்குன்னு அழுதுட்டேன். கிருமியால ரத்தக்குழாயெல்லாம் தளர்ந்து பிரஷர் விழுந்துடுச்சு, இருக்குற ரத்தத்த மூளைக்கும் இதயத்துக்கும் குடுக்கணும்னு உடம்பு கை காலுக்குக் கொறைச்சுக்குது, அம்மா உள்ள போராடிட்டுதான் இருக்காங்கன்னு பொறுமையா சொன்னாங்க. அதுக்கப்பறம் எனக்கு அதான் வேலை. அமுக்கு, எண்ணு. அவங்களும் தனியா செக் பண்ணிக்கிட்டுதான் இருந்தாங்க, நான் எண்ணி அவங்களுக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல, சும்மா உக்காந்து நடுங்காம இருக்கட்டும்னு குடுத்த வேலைதான் அதுன்னு நெனைக்கிறேன். விடியறப்ப அந்த ஆறு செகண்டு நாலா கொறைஞ்சுது. கொஞ்ச நேரத்துல யூரின் பேகப் பாத்துட்டு, இந்த ஒரு மணி நேரத்துல 40 மில்லி வந்திருக்கு, கிட்னிக்கு ரத்தம் போகுதுன்னு சிரிச்சாங்க பாருங்க, மூத்திரத்துக்காக சாமிக்கு நன்றி சொன்ன ஆளு நானாத்தான் இருப்பேன். உடம்புக்கு ரத்தம் பத்தலன்னா ரத்தத்துல ஏறுற லாக்டேட் எறங்கிடுச்சுன்னு டாக்டர் சொன்னது அதுக்கும் அப்பறம்தான்.

டாக்டருங்க, எமர்ஜென்சில வந்த கொஞ்ச நேரத்துலயே ஆன்டிபயாடிக் போட்டவங்க, ராத்திரியெல்லாம் வெளிய நின்ன சித்தப்பா, லீவ பத்தி ஒரு வார்த்தை கேக்காத மேனேஜர், பிரேயர் பண்ணினவங்க, போன் எடுக்கலன்னு கோச்சுக்காதவங்க, எல்லாருக்கும் நன்றி, தனித்தனியா பேசுறேன்.

இனிமே வயசானவங்க இருக்குற யாரு வீட்டுக்குப் போனாலும் நான் இத சொல்லாம வரப்போறதில்ல: காய்ச்சலோட பேச்சு கொழறுது, மூச்சு வேகமா வாங்குது, யூரின் கொறையுதுன்னா காலைல பாக்கலாம்னு படுக்காதீங்க, அப்பவே கெளம்புங்க. தொல்லைன்னு நெனச்சாலும் பரவால்ல.

பாக்க வர்றவங்க கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க, அம்மாவுக்கு பேசினாலே மூச்சு வாங்குது. சிஸ்டர், நீங்க மட்டும் டிஸ்சார்ஜுக்கு முன்னாடி ஒருவாட்டி வார்டு பக்கம் வந்துட்டுப் போங்க, யாரு அந்தப் பொண்ணுன்னு அம்மா கேட்டுட்டே இருக்காங்க.