45 அடிப் படகு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பாய்மரப் படகில் குடியேறுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை ஆசையைத் தூண்டும்படியாகத்தான் இருந்தது. ஆனால் கைக்காசுக்குக் கிடைக்கிற மிகப் பெரிய படகை, முடிந்தால் 45 அடிக்குக் குறையாமல் வாங்கிவிட வேண்டும் என்ற யோசனையை மொரீஷியஸில் யாரும் கேட்டு நடந்துவிடக் கூடாதே என்பதற்காக இதை எழுதுகிறேன். கணவன், மனைவி, கூடவே ஒரு பிள்ளை என்றாலும் 34 முதல் 38 அடி தாராளம்.

நீளம் கொஞ்சம் கூடினாலே எடை பல படி ஏறிவிடும். 36 அடிப் படகு ஆறேழு டன் இருக்கும்; 45 அடி என்றால் பதினொன்று, பன்னிரண்டு டன். படகில் உள்ள அத்தனை சாமானும் இந்த எடையின் பின்னால்தான் போகும். நங்கூரச் சங்கிலி 8 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ. ஆகிவிடும். கயிற்றையும் சங்கிலியையும் இழுக்கும் வின்ச் அடுத்த அளவுக்குப் போகும். காற்று ஏறும் நேரத்தில் பெரிய பாயை ஒரே ஆள் சுருக்கிக் கட்ட முடியாது. கட்டுத்துறை வாடகையையும் கரையேற்றும் கூலியையும் நீளத்தைப் பார்த்தே போடுகிறார்கள். பாகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆகவே கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் படகின் விலைக்குக் கொடுக்காதீர்கள். மீதிப் பங்கு முதல் இரண்டு ஆண்டில் தானே கரைந்துவிடும்.

நீளத்தைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படகு தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது? பவளப்பாருக்கு உட்புறம் ஆழம் குறைந்த நம் கடலில், 2.1 மீட்டர் இறங்கும் கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனத்த பகுதி) உள்ள படகுக்குப் போக முடியாத இடங்களே அதிகம். இன்னொன்று, இங்கே பௌர்ணமி அமாவாசையிலும் ஓதத்தின் ஏற்ற இறக்கம் அரை மீட்டர் சொச்சம்தான். பிரான்சின் பிரிட்டனி கரையில் தரைதட்டிய படகைச் சில மணி நேரத்தில் ஓதமே தூக்கிவிடும். இங்கே தட்டினால் தட்டியதுதான்; இழுவைப் படகு வர வேண்டும். 1.5 அல்லது 1.6 மீட்டரில் நிற்கும் கீலைத் தேடுங்கள். காற்றை எதிர்த்து ஏறுவதில் சில டிகிரி குறையும். அது தாங்கக்கூடிய நஷ்டம்.

புயலைப் பற்றிய யோசனை படகைப் பார்க்கப் போவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நவம்பர் நடுவிலிருந்து மே நடுவரை பருவம். காவடி எடுக்கும் தைப்பூசம் அதன் உச்சத்தில் வருகிறது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். பெயரிட்ட புயலால் வரும் சேதத்தை, படகு அந்தப் பருவத்தில் இந்தக் கடலில் நின்றிருந்தால், பல காப்பீட்டுப் பாலிசிகள் ஏற்பதில்லை. ஆகவே துறைமுகத்தின் உட்பகுதியில் இடம் உறுதியா, இல்லை கரையேற்றித் தரையில் கட்டப் போகிறீர்களா என்பது முதலில் தெரிய வேண்டும். கரையேற்றுவதானால் தூக்கும் இயந்திரத்தின் அகலத்தையும் கேளுங்கள். 40 அடிக் கேட்டமரான் (இரட்டை உடல் படகு) ஆறரை முதல் ஏழு மீட்டர் அகலம் இருக்கும், எல்லா இயந்திரத்திலும் நுழையாது. மாஸ்ட் (பாய்மரம்) கீல்வரை இறங்காமல் தளத்தின் மேலேயே நிற்கும் வகையாக இருந்தால் இறக்கி வைப்பது எளிது.

தண்ணீரிலேயே விடுவதானால் படகில் கயிறு கட்ட நாலு பெரிய முளைகளாவது வேண்டும். அவற்றின் அடியில், தளத்தின் கீழ்ப்புறம், அகலமான உலோகத் தகடு வைத்து போல்ட் போட்டிருக்க வேண்டும். வெறும் வாஷர் மட்டும் இருந்தால் முளை தளத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். கயிறு பெரும்பாலும் அறுவது விளிம்பில் உரசும் இடத்தில்தான். நைலான் கயிற்றுக்கு ரப்பர் குழாய் மாட்டி அதோடு நிம்மதி அடைபவர்கள் உண்டு. நைலான் இழுபட்டு நீளும்போது சூடாகும். குழாய் மூடியிருப்பதால் மழைத்தண்ணீரும் அதைக் குளிர்விக்காது, உள்ளுக்குள்ளேயே உருகி அறும். உரசும் பகுதிக்குப் பாலியெஸ்டர் கயிறு போட்டு, அதற்கு அப்பால் நைலானை இணைப்பது நல்லது. முன்பாயைச் சுருட்டியபடி அதன் முன்கம்பியிலேயே விட்டுவைப்பதும் ஆபத்து. ஒரு முனை பிரிந்தால் போதும், முழுப் பாயும் விரிந்து படகையே இழுத்துப் போகும்.

இனி படகைப் பார்க்கும் விதம். பழைய ஃபைபர்கிளாஸ் படகின் உடலைவிட அதில் மாட்டியிருப்பவைதான் ஆளை ஏமாற்றும். மாஸ்டைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் எந்த ஆண்டில் மாட்டியவை என்று கேட்டு, ரசீதையும் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் அவற்றின் முழு மாற்றுச் செலவையும் விலையில் குறைத்துப் பேசுங்கள். உப்புத்தண்ணீர் வழிந்து தங்குவது கம்பியின் கீழ்முனையை இறுக்கிப் பிடிக்கும் குழலில். முதல் விரிசலும் அங்கேதான் விழும். பூதக்கண்ணாடி கொண்டு பாருங்கள், கம்பியின் ஒரு இழை தெறித்திருக்கிறதா என்று துணியால் தடவிப் பாருங்கள். கம்பியைப் படகோடு பிணைக்கும் தகடு தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும் இடம் இன்னும் மோசமானது. அங்கே ஈரம் தங்கும், காற்றுப் படாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் துருப்பிடிக்காத எஃகும் குழிந்து அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும். கழற்றிப் பார்க்காமல் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. விற்பவர் கழற்ற விடமாட்டார். மாற்றுச் செலவாவது கணக்கில் இருக்கட்டும்.

தளத்தை ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்கும் இடத்தில் உள்ளே உள்ள பால்சா மரம் ஊறியிருக்கும். அநேகமாக யாரோ எப்போதோ சாமான் மாட்ட ஓட்டை போட்டு, ஓட்டையின் சுவரை எபாக்ஸிப் பசையால் அடைக்காமல் விட்டிருப்பார்கள். உள்ளங்கை அளவு என்றால் சரிசெய்யலாம். மாஸ்டின் அடியிலோ நங்கூர வின்ச்சைச் சுற்றியோ இருந்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள். அடிப்பக்கத்துக் கொப்புளங்களைப் பார்த்துத்தான் பலர் மிரள்கிறார்கள். கொப்புளத்தைக் குத்தினால் புளிக்காடி வாடையோடு நீர் வடியும். அது படகை மூழ்கடிப்பது அபூர்வம். ஆனால் உலர்த்திப் பூசுவதற்கு மாதக்கணக்கில் கரையில் நிறுத்த வேண்டும், விலை குறைக்க நல்ல காரணம்.

கீலும் உடலும் சேரும் கோட்டில், முன்முனையில் விரிசலோ துருக்கறையோ இருந்தால் படகு ஒருமுறை நன்றாக மோதியிருக்கிறது என்று கொள்ளுங்கள். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் கீல் பிய்ந்து கவிழ்ந்த சீக்கி ரஃபிக்கி என்ற படகில் இருந்த நால்வரும் இறந்தார்கள். பிரிட்டிஷ் விசாரணையில், முந்தைய தரைதட்டல்களும் அவற்றைத் தொடர்ந்த பழுதுபார்ப்பும் கீல் இணைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று தெரிந்தது. உள்ளே கீல் போல்ட்டுகளைச் சுற்றியுள்ள உட்சட்டம் உடலோடு ஒட்டியிருக்கிறதா என்பதையும் படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரிடம் தனியே எழுதி வாங்குங்கள். சுக்கானைக் கையால் பக்கவாட்டில் ஆட்டினால் தாங்கியின் தளர்வு தெரியும்; கரையேற்றிய மறுநாளும் அதன் அடியில் தண்ணீர் சொட்டினால் உள்ளே ஊறிவிட்டது.

எஞ்சினைப் பார்க்கப் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் வரும் முன்பே சூடேற்றி வைத்தார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். வெள்ளைப் புகை சில நிமிடத்தில் மறைய வேண்டும். நீலப் புகை எண்ணெய் எரிவது. செயில்டிரைவ் (எஞ்சினிலிருந்து படகின் அடியைத் துளைத்து நேரே கீழிறங்கும் கால்) உள்ள படகில், உடலின் அடியில் உள்ள ரப்பர் வளையத்தைத் தயாரிப்பாளர் சொன்ன ஆண்டில், பல மாடல்களுக்கு அது ஏழு ஆண்டு, மாற்றினார்களா என்று கேளுங்கள். அது கிழிந்தால் படகு மூழ்கும். சாதாரண புரொப்பெல்லர் தண்டு உள்ள எஞ்சின் சத்தம் கூடுதல், பழுதுபார்ப்பது எளிது.

குடியிருப்பு வசதியில் முதலில் வருவது காற்றோட்டம். நங்கூரத்தில் நிற்கும் படகின் முன்முனை தென்கிழக்குக் காற்றைப் பார்த்தே இருக்கும், ஆகவே முன்பக்கமாகத் திறக்கும் மூடிகளே வீட்டின் சன்னல். பின் அறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஜனவரியில் அதில் படுக்க முடியாது. மின்சாரத்தில் இந்த வெயிலில் குளிர்பெட்டி மட்டும் நாளுக்கு 40 முதல் 60 ஆம்பியர் மணி தின்னும். விளக்கு, மின்விசிறி, பம்பு, கைப்பேசி எல்லாம் சேர்ந்தால் 12 வோல்ட்டில் 100க்கு மேல். 400 வாட் சோலார் பலகை நல்ல நாளில் இதை ஈடுகட்டும், மழைநாளில் முடியாது. பழைய ஆல்டர்னேட்டரில் லித்தியம் பாட்டரியை நேராக இணைத்தால் ஆல்டர்னேட்டர் சூடேறி எரியும். நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும். தண்ணீருக்கு ஆளுக்கு 20 லிட்டர் என்று போட்டால் 400 லிட்டர்த் தொட்டி இருவருக்குப் பத்து நாள். நங்கூரம் மட்டும் கணக்குப் பார்க்காமல் ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள்.

கேட்டமரானில் இடம் அதிகம், சாய்வு குறைவு, இதெல்லாம் உண்மை. ஆனால் சாமானை ஏற்ற ஏற்ற இரு உடல்களின் நடுவே உள்ள தளம் தண்ணீரை நெருங்கும், அலை அடியில் அறைந்து தூங்கவிடாது.

கடைசியாக, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விலை மலிவு என்று கட்டுரையில் சொல்லியிருந்தது. இருக்கலாம். ஆனால் இங்கிருந்து பக்கத்துத் தீவான ரியூனியனுக்கு ஒரு பகலும் இரவும், ரியூனியனிலிருந்து டர்பனுக்குச் சுமார் 1,400 கடல் மைல் காற்று முதுகில் அடிக்கப் போகலாம். திரும்பி வருவது அப்படியில்லை. தென்கிழக்குக் காற்றை நேரே எதிர்த்து வர முடியாததால் தென்கிழக்கே 33, 35 பாகை அட்சம்வரை இறங்கி, மேற்குக் காற்றில் கிழக்கே ஓடி, பிறகு வடக்கே ஏற வேண்டும். தொடக்கத்திலேயே கரையோரமாகத் தென்மேற்கே ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. தென்மேற்குக் காற்று அதை எதிர்த்து அடிக்கும் நாளில் அங்கே எழும் செங்குத்து அலைகள் பெரிய கப்பல்களையே உடைத்திருக்கின்றன. கோடையில் வடக்கே புயல் பருவம், குளிர்காலத்தில் தெற்கே கடுங்காற்று. அனுபவமுள்ள மாலுமிகளின் கூலி, உணவு, வழியில் உடையும் சாமான் எல்லாவற்றையும் டர்பன் விலையோடு கூட்டிய பிறகே இங்கே நிற்கும் படகோடு ஒப்பிடுங்கள்.

இப்படிக்கு,
படகுப் பராமரிப்பாளர் ஒருவர்,
போர்ட் லூயிஸ்