அறை கண்ணாடிக்குள்ளே, புத்தகம் மாடிப்படிக்கு அடியிலே

கல்லூரி நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் பழைய பள்ளியின் நினைவாக உங்கள் நூலகத்தின் கிழக்கு அறையைப் புதுப்பித்திருக்கிறீர்கள். நன்றிங்க. கிரானைட் தரை, ஏசி, பித்தளை எழுத்தில் பள்ளியின் பெயர், எல்லாம் பார்த்தோம். அறை பூட்டிக் கிடந்ததால் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம்.

பள்ளிக் கட்டடத்தை இடித்தபோது கொடுத்த வாக்கை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பள்ளிப் புத்தகங்களும் பதிவேடுகளும் அந்த அறைக்கு வரும் என்றீர்கள். அதை நம்பித்தான் பணம் போட்டோம். மஞ்சள் விற்ற காசில் கொடுத்தவர்களும் உண்டு, தறி ஓட்டிக் கொடுத்தவர்களும் உண்டு.

அந்தப் புத்தகங்களைப் போன வாரம் மாடிப்படிக்கு அடியில் கண்டுபிடித்தோம். பதினேழு மூட்டை, மஞ்சள் மண்டியின் பழைய சாக்குகளில். "மஞ்சள் வாசத்துக்குச் செல்லுப்பூச்சி வராதுங்க" என்றார் அலுவலகத்தில் ஒருவர். செல்லுக்கு அது தெரியவில்லை. முதல் மூட்டையில் கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதி. 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரன் தலைமையில் வந்தது. அவர் நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரர், வாத்தியாராக இருந்தவர். கையைக் கழுவிவிட்டு வந்தால்தான் தமிழய்யா அதைத் தொட விடுவார். பவானி ஜமக்காளத்தை விரித்துச் சுற்றி உட்கார்ந்து படங்களைப் பார்ப்போம். இப்போது நாலாம் தொகுதி மழையில் ஊறி, தாளோடு தாள் ஒட்டி, செங்கல் மாதிரி இருக்கிறது. என்னோடு வந்த கூட்டாளிக்கு எழுபது வயது. புத்தகம் வாங்கிய பதிவேட்டில் தன் சிறுவயதுக் கையெழுத்தைத் தேடினார். பக்கத்தைத் திருப்பினால் பொடியாகக் கொட்டியது. ஊர் வந்து சேரும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

புத்தகங்களை அந்த அறையில் வையுங்கள். அறையைத் திறந்து வையுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

விடுதலைக்குப் பின் நாட்டின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அப்போது கல்வி அமைச்சர் திருப்பூர்க்காரரான தி. சு. அவினாசிலிங்கம். அந்தக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியவரும் அவரேதான். இன்றைக்கும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோம். அப்பேர்ப்பட்ட சீமையில் திறப்பு விழாப் பந்தலுக்கும் ஃபிளக்ஸுக்கும் சால்வைக்கும் காசு இருந்திருக்கிறது, நாலு பீரோவுக்கு இல்லை. ஒருவேளை புத்தகம் உள்ளே வந்தால் கிரானைட்டில் கீறல் விழுமோ என்னவோ!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன்: புத்தகங்கள் அந்த அறைக்கு வரவேண்டும், மாணவர்கள் உள்ளே போக வேண்டும்.

வரும் ஞாயிறு காலை நாங்கள் ஐந்தாறு பேர் வருகிறோம். மூட்டைகளைப் பிரித்து, தூசி தட்டி, நிழலில் காற்றாட உலர்த்துகிறோம். விரிக்க ஜமக்காளம் நாங்களே கொண்டுவருகிறோம். அறைச் சாவியை மட்டும் வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய மாணவன் ஒருவன்