கணக்கு சொல்லித்தர வர்றவங்க முதல்ல சந்தைக்குப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழக அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல வந்ததுல இருந்து சின்ன வகுப்புகள்ல பாட்டு, ஆட்டம், அட்டைன்னு கணக்கு களைகட்டுது, அத நான் குறை சொல்லல. ஆனா நாளைக்கு அந்த வகுப்பெடுக்கப் போற டீச்சர் டிரெய்னிங் பிள்ளைங்கள எப்படி தயார் பண்றோம்னு யாரும் பேசக் காணோம். பயிற்சிக்கு வர்ற பிள்ளைங்க ராத்திரி முழிச்சு தெர்மாகோல்ல காய்கறிக்கடை செஞ்சு எடுத்துட்டு வர்றாங்க, பாக்க அழகாத்தான் இருக்கு, ஆனா அதுல தக்காளி கிலோ 5 ரூபா! தினம் கடைக்குப் போற மூணாம் வகுப்புப் பையன் சிரிக்காம என்ன செய்வான்.

2025-ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல, பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவோட ஆய்வு வந்துச்சு. கொல்கத்தா, டெல்லி சந்தைகள்ல வேல செய்யற பிள்ளைங்க மனக்கணக்காவே போட்டு மீதிச் சில்லறை சரியா குடுக்கறாங்க, அதே பிள்ளைங்க ஸ்கூல் மாதிரி பேப்பர்ல குடுத்தா திணறுறாங்க, ஸ்கூலுக்கு மட்டும் போற பிள்ளைங்களோ பேப்பர்ல போட்டுட்டு கடைக்கணக்குல கோட்டை விடறாங்க. இது புதுசும் இல்ல. பிரேசில்ல ரெசிஃபே நகரத்துல தேங்கா வித்த பையன்கிட்ட 35 வீதம் பத்து தேங்கா எவ்ளோன்னு கேட்டா, மூணு 105, இன்னும் மூணு 210ன்னு கூட்டிக்கிட்டே போய் 350ன்னு சரியா சொன்னான், பத்தால பெருக்க பின்னாடி ஒரு சைபர் சேக்கற ஸ்கூல் வழிப் பக்கமே அவன் போகல. இது 1985-லயே வெளிவந்த ஆய்வு.

அதனால கடை வச்சு வெளாடறதோட பாடம் முடிஞ்சுடாதுங்க. பூ விக்கற அம்மாவோட பொண்ணுகிட்ட 120 ரூபா பூவுக்கு நாம 200 ரூபா குடுத்தா 120, 150, 200ன்னு மேல ஏத்தி எண்ணி 80 குடுக்கும், நோட்டுப் புத்தகத்துல 200-120ன்னா பக்கத்து இலக்கத்துல கடன் வாங்கறதுல மாட்டிக்கும். நீ பண்ணதும் கழித்தல்தான்மான்னு எண்கோட்டுல காட்டி, அங்கேருந்து நோட்டுக்கு கூட்டிட்டு வர்றது தனி வித்தை, பயிற்சியில பழக்க வேண்டியது அதத்தான்.

பள்ளிக்கு அனுப்புற வாரங்கள்ல ஒரு சந்தை நாள ஒதுக்கி, ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் ஒரு பிள்ளை எப்படி கணக்கு போடுதுன்னு கூட நின்னு கேட்டு எழுதிட்டு வந்து அத வச்சே பாடக்குறிப்பு எழுதட்டும், சார்ட்டுக்குப் போடற மார்க்க அதுக்குப் போடுங்க. கல்வித்துறை இத கவனிக்கணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்